ஈஸ்ட் இல்லாத சாப்பாடு: சமையலறைக்கான குறிப்புகள்

பிரெட் சாப்பிட்டால் வயிறு உப்புகிறது, தோலில் அரிப்பு, எந்நேரமும் அசதி என்று சொல்பவர்களுக்கு, "ஈஸ்டை நிறுத்திப் பாருங்கள்" என்ற யோசனை இப்போது எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறது. நம் வீடுகளில் ஈஸ்டை நிறுத்துவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. அரிசி, பருப்பு, சிறுதானியம் என்று பழகிய அடுப்படியில் பேக்கரிப் பொட்டலத்தை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்துவிடும். யார் நிறுத்த வேண்டும், எதை நிறுத்த வேண்டும், எத்தனை நாளைக்கு என்பதில்தான் குழப்பம். அது தெரியாமல் இட்லி, தயிர், காளான், பழம் என ஒவ்வொன்றாகக் கைவிட்டு உடம்பு இளைத்துப் போகிறவர்களைப் பார்க்கும்போது மனம் கஷ்டப்படுகிறது. அதனால் சமையல் குறிப்புகளுக்கு முன் சில அடிப்படை விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன்.

1. ஈஸ்டில் இரண்டு வகையைப் பிரித்துப் பாருங்கள். பிரெட்டையும் பீரையும் பொங்க வைப்பது சாக்கரோமைசிஸ் செரிவிசியே. நம் வாயிலும் குடலிலும் பெண்களின் பிறப்புறுப்பிலும் சாதாரணமாகவே குடியிருந்து, சில சமயம் அளவுமீறிப் பெருகித் தொல்லை கொடுப்பது கேண்டிடா அல்பிகன்ஸ். இரண்டும் வெவ்வேறு உயிர்கள். பிரெட் தின்றால் கேண்டிடா பெருகும் என்ற பேச்சு இரண்டையும் ஒன்றாக நினைத்ததால் வந்தது. 1983-ல் அமெரிக்க மருத்துவர் வில்லியம் குரூக் எழுதிய 'தி ஈஸ்ட் கனெக்‌ஷன்' என்ற புத்தகம் இந்தக் கருத்தை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. தலைவலி முதல் மனச்சோர்வு வரை பலவற்றுக்கும் உடம்பில் பெருகிய ஈஸ்டைக் காரணம் காட்டியது. 1986-ல் அந்த நாட்டின் ஒவ்வாமை மருத்துவர்கள் அமைப்பு இதைப் பரிசீலித்து, நிரூபிக்கப்படாத ஊகம் என்று சொல்லிவிட்டது. இன்று கைக்குக் கை மாறும் 'ஈஸ்ட் டயட்' பட்டியல்கள் பலவற்றுக்கும் வேர் அந்தக் காலத்தில்தான் இருக்கிறது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். சுமார் 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஈஸ்ட் செத்துவிடும். அடுப்பிலிருந்து வரும் பிரெட்டின் நடுப்பகுதி 90 டிகிரியைத் தாண்டியிருக்கும். ஆகவே பிரெட் வழியாக உயிருள்ள ஈஸ்ட் வயிற்றுக்குள் போவதில்லை. ஆனால் ஒவ்வாமை இருப்பவருக்குச் செத்த ஈஸ்டின் புரதமே போதும், தொல்லை வரும். "வெந்துவிட்டதே, ஒன்றும் ஆகாது" என்று அவர்களுக்குச் சமாதானம் சொல்லக் கூடாது.

2. ஈஸ்டைக் கட்டாயம் தவிர்க்க வேண்டியவர்கள் சிலரே. பரிசோதனையில் ஈஸ்ட் ஒவ்வாமை உறுதியானவர்கள், இது அரிது. அடுத்து, மனச்சோர்வுக்காக எம்.ஏ.ஓ. தடுப்பு வகை மாத்திரைகளை எடுப்பவர்கள். ஈஸ்ட் சாறு, முதிர்ந்த சீஸ், பீப்பாய் பீர் போன்றவற்றில் உள்ள டைரமின் என்ற பொருள் இந்த மாத்திரையோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். கௌட் என்ற மூட்டுவலி உள்ளவர்களுக்கு பீரும் ஈஸ்ட் சாறும் ஆகாது. அவற்றில் பியூரின் அதிகம். மற்ற எல்லோருக்கும் ஈஸ்ட் இல்லாத உணவு ஒரு சோதனை மட்டுமே. செய்து பார்க்கலாம், பலன் இல்லையென்றால் விட்டுவிடலாம்.

3. பிரெட்டை நிறுத்துவதற்கு முன் சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். கோதுமையில் உள்ள குளூட்டன் குடலைத் தாக்கும் நோய் அது. உப்புசம், வயிற்றுப்போக்கு, ரத்தசோகை, சோர்வு என்று அதன் அறிகுறிகளும் இதே மாதிரிதான் இருக்கும். 'டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ.' என்ற அந்தப் பரிசோதனை, கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் சரியான விடை தரும். சில வாரங்கள் கோதுமையை விட்டுவிட்டுப் போனால் நோய் இருந்தும் இல்லை என்று வந்துவிடலாம். எங்கள் தலைமுறையில் பலர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்துவிட்டு, பரிசோதனைக்காகவே மறுபடி கோதுமை சாப்பிட வேண்டியதாயிற்று.

4. காலையில் எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரில் எச்சில் துப்பி, அது நூலாக இறங்கினால் உடம்பில் ஈஸ்ட் அதிகம் என்று சொல்லும் சோதனையை நம்பாதீர்கள். எச்சிலின் கெட்டித்தன்மையைத் தவிர வேறெதையும் அது காட்டாது. ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு நூறு உணவுகளுக்கு 'ஐ.ஜி.ஜி. சென்சிடிவிட்டி' பட்டியல் தரும் பரிசோதனையையும் ஒவ்வாமை நிபுணர்கள் பரிந்துரைப்பதில்லை. நாம் அடிக்கடி சாப்பிடும் உணவுக்கு ரத்தத்தில் ஐ.ஜி.ஜி. இருப்பது இயல்பு.

5. சப்பாத்தியை வைத்தே ஒரு நல்ல சோதனை செய்யலாம். ஒரு வாரம் பிரெட், பன், ரஸ்க் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, அதே நேரத்தில் அதே அளவு சப்பாத்தியோ வீட்டில் போட்ட பரோட்டாவோ சாப்பிடுங்கள். தானியம் அதேதான், ஈஸ்ட் மட்டும் இல்லை. அப்போதும் வயிறு உப்பினால் சந்தேகப்பட வேண்டியது கோதுமையை. அதில் ஃபிரக்டான் என்ற ஒரு வகைச் சர்க்கரைச் சங்கிலி உண்டு. வெங்காயத்திலும் பூண்டிலும்கூட உண்டு. சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாக்களால் வாயுவாக மாறுகிறது. பிரெட்டால் வயிறு கெடுகிறவர்களில் பலருக்கு உண்மையான காரணம் இதுதான். சப்பாத்தி ஒத்துக்கொண்டு பிரெட் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், அப்போது ஈஸ்டைச் சந்தேகிக்கலாம். பிரெட் சாப்பிட்டு உடம்பெல்லாம் தடித்தவர்கள், உதடு வீங்கியவர்கள் இந்தச் சோதனையை வீட்டில் செய்யவே வேண்டாம், மருத்துவர் முன்னிலையில்தான்.

6. வாயில் வெள்ளைப் படலம், பிறப்புறுப்பில் அரிப்பு, தயிர்போல் வெள்ளைப்படுதல் என்று வந்தால் அது கேண்டிடாவாக இருக்கலாம். இதற்குச் சாப்பாட்டை மாற்றிக்கொண்டு காத்திருக்காதீர்கள். குளோட்ரிமசோல், ஃபுளூகோனசோல் போன்ற மருந்துகளில் சீக்கிரமே கட்டுப்படும். எது, எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்லட்டும். திரும்பத் திரும்ப வருகிறதென்றால் ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்குக் கேண்டிடா எளிதில் பெருகும். நம் பெண்கள் இந்த விஷயத்தை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, மாதக்கணக்கில் பத்தியம் இருக்கிறார்கள். கூச்சப்பட இதில் ஒன்றுமே இல்லை. ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுப்பவர்கள் ஒவ்வொரு முறையும் வாயைக் கொப்பளித்துத் துப்பினால் வாயில் படலம் வருவது குறையும்.

7. ஈஸ்டை முழுவதுமாக நிறுத்திப் பார்க்கும் சோதனைக்கு மூன்று வாரம் போதும். தொடக்கத் தேதியையும் முடிவுத் தேதியையும் காலண்டரில் எழுதிவிடுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தினமும் மூன்று விஷயம்: என்ன சாப்பிட்டேன், வயிறும் தோலும் எப்படி இருந்தன, எவ்வளவு நேரம் தூங்கினேன். தூக்கத்தையும் எழுதச் சொல்வது, உடம்பு தேறியதற்கு வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்கத்தான். பேக்கரிப் பண்டம் நின்றதும் சர்க்கரையும் மைதாவும் எண்ணெயும் சேர்ந்தே நிற்கின்றன. சிலர் இரவு பீரையும் நிறுத்துகிறார்கள். உடம்பு தேறினால் அதற்கான பெயரை ஈஸ்ட் ஒன்றே தட்டிக்கொண்டு போய்விடக் கூடாது.

8. எதில் ஈஸ்ட் இருக்கிறது? பிரெட், பன், கிரீம் பன், தேங்காய் பன், பீட்சா, பர்கர் ரொட்டி, டோனட் ஆகியவற்றில் நிச்சயம் உண்டு. இலங்கையில் தினசரி வாங்கும் பாணும் இதில் சேரும். ரஸ்க் என்பது பிரெட்டை மறுபடி சுட்டது. காய்ச்சல்காரருக்கு லேசான உணவு என்று அதைக் கொடுக்கும்போது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். உப்பு பிஸ்கட்களில் கிராக்கர் வகை ஈஸ்டால் புளிக்க வைத்தது. நான், குல்ச்சா, பட்டூரா ஆகியவற்றைச் சில ஓட்டல்களில் ஈஸ்ட் போட்டும், சிலவற்றில் தயிரும் சோடாவும் போட்டும் செய்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள். ஜிலேபி மாவும் அப்படித்தான்.

பயப்பட வேண்டாதவற்றையும் சொல்ல வேண்டும். கேக் பேக்கிங் பவுடரால் எழும்புகிறது, ஈஸ்டால் அல்ல. பரோட்டா, சமோசா, முட்டை பஃப்ஸ் இவற்றின் மாவில் சாதாரணமாக ஈஸ்ட் கிடையாது. இவை தினமும் சாப்பிடத் தகுந்தவை என்று சொல்லவில்லை; ஈஸ்ட் கணக்கில் இவற்றைச் சேர்க்காதீர்கள், அவ்வளவுதான்.

9. பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். சூப் பொடி, சிப்ஸ், உடனடி நூடுல்ஸ் மசாலா, சூப் க்யூப் இவற்றில் 'ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட்', 'ஆட்டோலைஸ்டு ஈஸ்ட்', 'ஈஸ்ட் பவுடர்' என்று சுவைக்காகச் சேர்த்திருப்பார்கள். மார்மைட் பெரும்பாலும் ஈஸ்ட் சாறுதான். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானதை நோக்கி வரிசைப்படுத்துவது விதி. ஈஸ்ட் பட்டியலின் கடைசியில் இருந்தால் அளவு மிகக் குறைவு. அஜினோமோட்டோவை இந்தக் காரணத்துக்காக ஒதுக்கத் தேவையில்லை. அது பாக்டீரியா மூலம் தயாராவது.

10. இட்லி, தோசை பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். இட்லி மாவு பொங்குவதில் பெரும் பங்கு லூகோனாஸ்டாக் மெசென்டராய்டிஸ் என்ற பாக்டீரியாவுக்கு. அது உளுந்தோடும் அரிசியோடும் தானாகவே வந்து சேர்கிறது. கூடவே தானியத்திலிருந்து வரும் இயற்கை ஈஸ்டும் கொஞ்சம் இருக்கும். ஆகவே வீட்டு இட்லியை முழுக்க ஈஸ்ட் இல்லாதது என்று சொல்ல முடியாது. ஈஸ்ட் போட்ட பண்டம் என்றும் சொல்லக் கூடாது. என் யோசனை இது: மூன்று வாரச் சோதனையில் இட்லி, தோசையையும் நிறுத்துங்கள். சோதனை முடிந்ததும் முதலில் அதையே திரும்பச் சேருங்கள். உறுதியான ஒவ்வாமை இல்லாத ஒருவர் ஈஸ்டுக்குப் பயந்து ஆயுள் முழுக்க இட்லியை விடுவது வீண் தண்டனை. புளிக்கும்போது தானியத்திலுள்ள ஃபைடேட் குறைகிறது. அதனால் இரும்புச்சத்தும் துத்தநாகமும் உடம்பில் நன்றாகச் சேர்கின்றன.

திரும்பச் சேர்க்கும்போது அன்று பொங்கிய மாவாக இருக்கட்டும். மூன்று நான்கு நாள் ஆகிப் புளிப்பேறிய மாவை வீட்டில் மற்றவர்களுக்கு ஊத்தப்பமாக ஊற்றிவிடுங்கள். கடை மாவு வாங்கினால் சீக்கிரம் பொங்குவதற்காக ஏதாவது சேர்க்கிறார்களா என்று கேட்டு வாங்குங்கள்.

11. புளிக்க வைக்காத பலகாரம் நம்மிடம் எத்தனை இருக்கிறது என்பதைப் பட்டியல் போட்டால்தான் தெரியும். இடியாப்பம், புட்டு, கொழுக்கட்டை, வெண்பொங்கல், ரவா உப்புமா, அரிசி உப்புமா, சேமியா, அவல், கோதுமை தோசை, உடனே கரைத்து ஊற்றும் ரவா தோசை, பெசரட்டு, கேழ்வரகு அடை. மூன்று வாரத்தில் ஒன்றே திரும்பத் திரும்ப வராமல் சமாளித்துவிடலாம்.

இவற்றில் என் ஓட்டு அடைக்குத்தான். இட்லி அரிசி 1 கப், துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் அரை அரை கப், உளுந்து 2 மேசைக்கரண்டி. இரண்டரை மணி நேரம் ஊறினால் போதும். காய்ந்த மிளகாய் 5, பெருங்காயம், உப்பு சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்து, முருங்கைக்கீரையை ஆய்ந்து போட்டு உடனே வார்த்துவிடுங்கள். மாவு மிஞ்சினால் உடனே ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் காலையிலேயே தீர்த்துவிடுங்கள். வெளியே வைத்த அடை மாவு வெயில் காலத்தில் சில மணி நேரத்திலேயே புளித்துவிடும். நடுவில் குழி செய்து எண்ணெய் விட்டால் வெந்து மொறுமொறுப்பாகும்.

12. இட்லி வடிவத்தையே விட மனமில்லாதவர்களுக்கு ரவா இட்லி இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரிசித் தட்டுப்பாடு வந்தபோது இதைச் செய்து பார்த்ததாக பெங்களூரு மாவள்ளி டிஃபன் ரூம்ஸ் சொல்வதுண்டு. ரவை 1 கப்பை நெய்யில் வாசம் வர வறுத்து ஆறவிடுங்கள். லேசாகப் புளித்த தயிர் 1 கப், தேவையான தண்ணீர், கடுகு, முந்திரி தாளிப்பு, உப்பு சேர்த்து 20 நிமிடம் ஊறட்டும். தட்டில் ஊற்றும் முன் கால் தேக்கரண்டி ஆப்ப சோடாவைத் தூவி இரண்டு சுற்று மட்டும் கலந்து, 10 முதல் 12 நிமிடம் வேக வையுங்கள். அதிகம் கலந்தால் வாயு வெளியேறிக் கல்லாகிவிடும். தயிர் பாக்டீரியாவால் உறைவது. அதற்கு ஈஸ்ட் தேவையில்லை.

13. ஆப்பத்துக்குக் கேரளத்திலும் இலங்கையிலும் முன்பு கள் விட்டார்கள், இப்போது பெரும்பாலும் ஈஸ்ட் போடுகிறார்கள். தமிழ்நாட்டு வீடுகளில் வெந்தயமும் உளுந்தும் சேர்த்து இரவெல்லாம் புளிக்கவிடுவது வழக்கம். அவசர ஆப்பத்துக்கு, ஊறிய பச்சரிசி 2 கப்போடு ஒரு கைப்பிடிச் சாதமும் அரை மூடித் தேங்காயும் சேர்த்து வெண்ணெய் போல அரைத்து, மோரால் கரைத்து, ஊற்றும் நேரத்தில் கால் தேக்கரண்டி சோடா கலக்குங்கள். ஓரம் மொறுமொறுப்பாக வரும். நடுவில் புளித்த மாவின் பஞ்சுத்தன்மை வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தேங்காய்ப்பால் ஊற்றிச் சாப்பிட்டால் அந்தக் குறை தெரியாது.

14. பிரெட்டே வேண்டும் என்று அடம்பிடிக்கும் பிள்ளைகளுக்காக ஒரு ரொட்டி. அயர்லாந்தில் ஈஸ்ட் இல்லாமல் மோரும் சோடாவும் மட்டும் வைத்துச் சுடும் 'சோடா பிரெட்' நம் அடுப்புக்கும் நன்றாக வருகிறது. கோதுமை மாவும் மைதாவும் சேர்த்து 250 கிராம், ஆப்ப சோடா அரை தேக்கரண்டிக்குச் சற்றுக் கூட, உப்பு அரை தேக்கரண்டி. மூன்றையும் சலித்துக்கொள்ளுங்கள். கெட்டியான புளித்த மோர் சுமார் 200 மில்லி விட்டு, கை படாமல் கரண்டியாலேயே ஒன்றாக்குங்கள். பிசையவே கூடாது, பிசைந்தால் ரொட்டி இறுகிவிடும். மேலே மாவு தூவி வட்டமாக்கி, கத்தியால் ஆழமாகக் கூட்டல் குறி போடுங்கள். அப்போதுதான் நடுப்பகுதி வேகும். 200 டிகிரி சூடேறிய அவனில் 35 முதல் 40 நிமிடம். அவன் இல்லாதவர்கள் குக்கரில் ரப்பரையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அடியில் உப்பு பரப்பி ஸ்டாண்ட் வைத்து, 10 நிமிடம் சூடாக்கிய பின் தட்டை உள்ளே வைத்துச் சிறு தீயில் முக்கால் மணி நேரம் விடுங்கள். அடியில் தட்டினால் வெற்றுப் பாத்திரச் சத்தம் வந்தால் வெந்துவிட்டது. அன்றே சாப்பிட வேண்டும், மறுநாள் கல்லில் சுட்டால்தான் நன்றாக இருக்கும்.

இதன் கணக்கு எளிது. சோடா வேலை செய்யப் புளிப்பு வேண்டும்: மோர், தயிர், எலுமிச்சை, ஏதாவது ஒன்று. புளிப்பு இல்லாமல் சோடா மட்டும் போட்டால் சோப்பு வாடையும் மஞ்சள் நிறமும் வரும். பேக்கிங் பவுடரில் புளிப்பும் உள்ளேயே கலந்திருக்கிறது. ஒரு கப் மாவுக்கு ஒரு தேக்கரண்டி போதும்.

15. ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒரு தேக்கரண்டி ஆப்ப சோடாவில் சுமார் 1,260 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. ஈஸ்டை விட்டுவிட்டுத் தினமும் சோடாவில் இறங்குவது உங்களுக்கு நல்லதில்லை. சோடாவும் தேவைப்படாத இடியாப்பம், புட்டு, அடை இவையே உங்களுக்கு ஏற்றவை.

16. கட்லெட்டுக்கு பிரெட் தூளுக்குப் பதில் நொறுக்கிய சேமியா, பொடித்த அவல், வறுத்த ஓட்ஸ் தூள். மூன்றில் அவல் நன்றாக ஒட்டும்.

17. வினிகர், ஈஸ்ட் உண்டாக்கிய ஆல்கஹாலிலிருந்து வருவது. 'சிந்தெட்டிக் வினிகர்' என்று எழுதியிருப்பது தண்ணீரில் கலந்த அசிட்டிக் அமிலம். அதில் ஈஸ்ட் கிடையாது. எதற்கும் சோதனை நாட்களில் எலுமிச்சை, புளி, மாங்காய் இவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். சோயா சாஸும் பூஞ்சையும் ஈஸ்டும் சேர்ந்து மாதக்கணக்கில் புளித்தது. வீட்டு ஃபிரைடு ரைஸுக்குக் கெட்டியான புளித்தண்ணீர் கொஞ்சம், மிளகுத்தூள், ஒரு சிட்டிகை வெல்லம் சேர்த்தால் வேறொரு நல்ல சுவை கிடைக்கும்.

18. பானங்களில் பீர், ஒயின், கள், கொம்புச்சா எல்லாமே ஈஸ்டின் வேலை. கிறிஸ்துமஸுக்கு வீட்டில் போடும் திராட்சை ஒயினும் இதில் அடக்கம். பதநீருக்குத் தடையில்லை. பனம்பாளையில் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவது, காற்றிலுள்ள ஈஸ்ட் சாற்றைக் கள்ளாக்கிவிடாமல் தடுக்கத்தான். காலையில் இறக்கியதைக் காலையிலேயே குடித்துவிடுங்கள். பழச்சாறு, இளநீர், கரும்புச்சாறு எதுவானாலும் வெளியே வைத்தால் புளிக்கும். பிழிந்ததும் குடிப்பதே நல்லது. பழைய சோறும் கூழும் இரவு முழுக்கப் புளித்தவை. சோதனை முடியும்வரை தள்ளிவைத்து, அப்புறம் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

19. பட்டியல்களில் தடை போட்டிருந்தாலும் இவற்றை நிறுத்தாதீர்கள்: காளான், தயிர், மோர், நிலக்கடலை, பழங்கள். காளான் பூஞ்சைக் குடும்பம்தான். ஆனால் ஈஸ்ட் ஒவ்வாமை பரிசோதனையில் உறுதியாகி மருத்துவர் சொன்னால் மட்டும் தவிர்த்தால் போதும். நிலக்கடலையில் கருத்ததையும் சுருங்கியதையும் பொறுக்கி எறிய வேண்டும். அது அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சுக்காக. ஈஸ்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. திராட்சைத் தோலில் இயற்கை ஈஸ்ட் ஒட்டியிருக்கும். நன்றாகக் கழுவினால் போதும்.

20. ஈஸ்டில் சத்தும் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928 முதல் இந்தியாவில், பம்பாய் ஆலைத் தொழிலாளிப் பெண்களுக்குக் கர்ப்பகாலத்தில் வந்த கடும் ரத்தசோகையை ஆராய்ந்தார். குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், சென்னையில் இன்று கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையாக இருக்கும் இடத்திலும் வேலை செய்தார். ஈஸ்ட் சாறான மார்மைட் கொடுத்ததும் அந்தப் பெண்கள் தேறினார்கள். அதை 1931-ல் எழுதி வெளியிட்டார். அதிலிருந்த சத்துக்கு பின்னாளில் ஃபோலிக் ஆசிட் என்று பெயர் வந்தது. இன்று கர்ப்பிணிகளுக்கு அரசு மருத்துவமனையில் கொடுக்கும் மாத்திரைக்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது.

ஆகவே ஈஸ்டை நிறுத்துகிறவர்கள் பி வைட்டமின்களுக்கு வேறு வழி பார்க்க வேண்டும். முளைக்கீரை, முருங்கைக்கீரை, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, நிலக்கடலை இவற்றில் ஃபோலேட் நிறைய. பச்சரிசியைவிடப் புழுங்கல் அரிசியில் பி1 அதிகம் தங்குகிறது. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து உள்ளே இறங்கிவிடுகிறது. பயறை முளைகட்டி எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டால், புளித்த மாவால் கிடைத்த இரும்புச்சத்து நன்மையில் ஒரு பகுதியை ஈடுகட்டலாம்.

21. மாத்திரை, தடுப்பூசி. சில பி காம்ப்ளெக்ஸ் மாத்திரைகள் ஈஸ்டிலிருந்து தயாரானவை. வயிற்றுப்போக்குக்குத் தரும் சாக்கரோமைசிஸ் பவுலார்டி பொடி உயிருள்ள ஈஸ்டேதான். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை 1986 முதல் ஈஸ்ட் செல்களில் வளர்த்துத் தயாரிக்கிறார்கள். தீவிர ஈஸ்ட் ஒவ்வாமை உறுதியானவர்கள் ஊசி போடும் முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நாமாகவே "எனக்கு ஈஸ்ட் ஆகாது" என்று முடிவுகட்டி, குழந்தையின் தடுப்பூசியைத் தள்ளிப்போடுவது பெரிய தவறு. அதைச் செய்யாதீர்கள்.

22. வெளியே போகும்போது. பள்ளி டிபன் டப்பாவுக்கு சாண்ட்விச்சுக்குப் பதில், சப்பாத்தியில் பொரியல் வைத்துச் சுருட்டிக் கொடுங்கள். ரயிலுக்குப் புளியோதரை, எலுமிச்சைச் சாதம், மிளகாய்ப்பொடி தடவிய சப்பாத்தி. ஓட்டலில் பொங்கல், இடியாப்பம், சாப்பாடு. காய்ச்சலில் கிடப்பவருக்கு பாலும் பிரெட்டும் கொடுக்கும் பழக்கத்துக்குப் பதில் ஜவ்வரிசிக் கஞ்சி, அரிசி நொய்க் கஞ்சி, இடியாப்பத்தில் பாலும் சர்க்கரையும்.

23. மூன்று வாரம் முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரே நாளில் சாப்பிடக் கூடாது. ஒவ்வொன்றாக, நடுவில் மூன்று நாள் இடைவெளி விட்டு. முதலில் இட்லி. அடுத்து சோயா சாஸ் போன்ற புளித்த சாஸ்கள். பிறகு ஒரு துண்டு பிரெட். கடைசியில் ஈஸ்ட் சாறு சேர்ந்த சூப். எதைச் சேர்த்தபோது தொல்லை திரும்பியதோ அதை மட்டும் நிறுத்தி, சில வாரம் கழித்து இன்னொரு முறை சேர்த்துப் பாருங்கள். இரண்டு முறையும் அதே தொல்லை வந்தால் நம்பலாம். ஒன்றுமே திரும்பவில்லை என்றால் ஈஸ்ட் உங்கள் எதிரி இல்லை. சோதனை வீண் என்று வருந்த வேண்டாம்; ஒரு சந்தேகம் தீர்ந்தது, இனி மருத்துவரோடு அடுத்த காரணத்தைத் தேடலாம்.

24. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் குழந்தைகள், எடை குறைந்த முதியவர்கள், இன்சுலின் போடுபவர்கள் மருத்துவரையோ உணவியல் நிபுணரையோ கேட்காமல் இந்த உணவுமுறையைத் தொடங்க வேண்டாம். காரணமில்லாமல் எடை குறைந்தாலும், மலத்தில் ரத்தம் போனாலும், இரவில் எழுப்பிவிடும் வயிற்றுவலி இருந்தாலும் சாப்பாட்டுச் சோதனையில் நாளைக் கடத்தாமல் உடனே போய்க் காட்டுங்கள். எதையாவது சாப்பிட்ட சிறிது நேரத்தில் உதடோ நாக்கோ வீங்கி, மூச்சு முட்டி, தலை சுற்றினால் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம்; 108-ஐக் கூப்பிடுங்கள்.